குடலுக்குள் அறுபடும் இழை: கிருமி நச்சும் நம் டி.என்.ஏ.வும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஈரோட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லித்தருவது என் வேலை. போன வருஷம் கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் குடல் கிருமிகளைப் பற்றிப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். "சில பாக்டீரியா நம்ம டி.என்.ஏ.வையே வெட்டிவிடும்" என்று போகிற போக்கில் ஒரு வரி சொன்னேன். அவ்வளவுதான், தட்டில் இருந்த வடை ஆறி விறைத்துப்போகும் வரைக்கும் யாரும் விடவில்லை. அன்றைக்கும் அதற்குப் பிறகு போனிலும் வந்த கேள்விகள் இவை. பாதிக்கு மேல் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு வந்தேன் என்ற உறுத்தலில் எழுதுகிறேன்.

டி.என்.ஏ. அறுபடுகிறது என்கிறீர்களே, அது எப்படி?

தறி தெரிந்தவர்களிடம் இதைச் சொல்வது சுலபம். டி.என்.ஏ. என்பது இரண்டு இழை சேர்த்து முறுக்கிய நூல். நம் உடம்பின் ஒரே ஒரு செல்லுக்குள் இருக்கும் நூலை நீட்டிப் பிடித்தால் ஏறக்குறைய 2 மீட்டர், ஒரு நாலு முழ வேட்டி நீளம். அது அத்தனையும் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத உட்கருவுக்குள் சுருண்டு கிடக்கிறது.

ஓர் இழை மட்டும் அறுந்தால் பெரிய விஷயமில்லை. எதிர் இழையைப் பார்த்து செல் அதைச் சரிசெய்துவிடும். ஒரு நாளைக்கு ஒரு செல்லில் பல்லாயிரம் சின்னச் சேதங்கள் நடக்கின்றன. பெரும்பாலும் நம் உடம்பின் சொந்த வேலைகளாலேயே. அவற்றில் கிட்டத்தட்ட எல்லாமே நமக்குத் தெரியாமல் ஒட்டப்பட்டுவிடுகின்றன. இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால்தான் தலைவலி. பார்த்து ஒட்டுவதற்கு எதிர் இழை அங்கே இல்லை. முனைகளை அப்படியே இழுத்து முடிந்தால் நடுவில் சில எழுத்து (நூலில் வரிசையாகக் கோத்த வேதி அலகுகளை அப்படித்தான் சொல்வோம்) காணாமல் போகும், சில நேரம் வேறு எங்கோ அறுந்த முனையோடு ஒட்டிக்கொள்ளும். மூன்றாவதாக இன்னொன்று: இரண்டு இழையும் அறுபடாமல் ஒன்றோடொன்று ஒட்டிப்போவது. செல் இரண்டாகப் பிரிய வேண்டுமானால் முறுக்கைப் பிரித்துத்தான் ஆகவேண்டும். ஒட்டிய இடத்தில் பிரிக்க முடியாது.

என் சித்தப்பா சோமனூர்ப் பக்கம் விசைத்தறி ஓட்டியவர். பாவில், அதாவது நீளவாக்கு நூலில், ஓர் இழை அறுந்தால் முதல் வேலையாகத் தறியை நிறுத்துவார். அறுந்த முனையைத் தேடி எடுத்து, விழுதின் கண்ணில் நுழைத்து, முடிச்சுப் போட்டு, விரலால் ஒருதரம் சுண்டிப் பார்த்துவிட்டுத்தான் ஓட்டுவார். அவசரத்தில் தப்பான இழையோடு முடிந்துவிட்டாலும் துணி நெய்யும். ஆனால் அந்தக் கோடு கடைசி மீட்டர் வரைக்கும் கூடவே வரும். செல்லும் இதே வரிசையில்தான் வேலை செய்கிறது. முதலில் நிறுத்தம், பிறகு ஒட்டு. நிறுத்துகிற புரதங்களில் முக்கியமானதன் பெயர் பி53. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்தப் புரதம் கெட்டுப்போயிருக்கிறது.

எந்தக் கிருமிகளுங்க இப்படி வெட்டறது?

நேரடியாக டி.என்.ஏ. மேலேயே கை வைக்கும் நச்சுகள் ரொம்பக் கொஞ்சம். காலரா நச்சு செல்லிலிருந்து தண்ணீரைக் கொட்டவைக்கும், டி.என்.ஏ.வைத் தொடாது. வயிற்றுக்கடுப்பு உண்டாக்கும் ஒருவகை ஷிகெல்லாவின் நச்சு, செல் புரதம் தயாரிக்கிற பட்டறையை அடைக்கும். உட்கருவுக்குள்ளேயே நுழைந்து வெட்டுவது என்றால் முதலில் சொல்லவேண்டியது சி.டி.டி. என்று சுருக்கி அழைக்கப்படும் ஒரு நச்சு. வயிற்றுப்போக்கு உண்டாக்கும் காம்பைலோபேக்டர், சிலவகை ஈ.கோலை, பல் ஈறைக் கெடுக்கும் ஒரு பாக்டீரியா என்று பலரிடம் இது இருக்கிறது.

கனடாவில் ஜான்சன், லியோர் என்ற இருவர் 1987-ல் இதைப் பற்றி முதலில் எழுதியபோது அவர்கள் கண்டது வெட்டை அல்ல, வீக்கத்தை. வளர்ப்புத் தட்டில் நச்சுப் பட்ட செல்கள் சாவதற்கு முன்னால் நாள்கணக்கில் பெருத்துக்கொண்டே போயின. நான் படித்த காலத்தில் இந்தக் காட்சியை நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறேன். ஒரு தட்டில் சாதாரண செல்கள், நெருக்கமாக இட்லித்தட்டு மாதிரி. பக்கத்துத் தட்டில் மூன்று நாள் நச்சில் கிடந்தவை: எண்ணிக்கை குறைந்து, ஒவ்வொன்றும் ஊத்தப்பம் போலப் பரந்து, நடுவில் உட்கருவும் ஊதிப்போய். நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது, பிரிய முடியவில்லை. ஆனால் வளர்வது மட்டும் நிற்கவில்லை. அதனால்தான் அந்தப் பருமன்.

ஏன் நிற்கிறது என்பதற்கு விடை 2000-ல் வந்தது. இந்த நச்சு மூன்று துண்டு. இரண்டு துண்டு செல்லின் வெளிச்சவ்வைப் பிடித்துக்கொள்கின்றன. மூன்றாவதான சி.டி.டி.பி உள்ளே போகிறது. அதன் அமைப்பு, டி.என்.ஏ.வை நறுக்கும் ஒரு நொதியைப் போலவே இருந்தது. அந்த நொதி நம் உடம்பிலேயே இருப்பது, சாப்பாட்டோடு வரும் டி.என்.ஏ.வை நறுக்கும் சாதுவான ஆள். அதே சாயலில் ஒன்றைக் கிருமி செய்து உட்கருவுக்கே அனுப்புகிறது. விளைவு கதிர்வீச்சு பட்டது போலவே இருக்கும்.

கோலிபாக்டின், கோலிபாக்டின் என்று பேப்பரில் வருகிறதே?

என்னைக் கேட்டால் இந்தத் துறையிலேயே சுவாரஸ்யமான கதை இதுதான். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

ஈ.கோலை நம் எல்லோர் குடலிலும் இருக்கிறது, பெரும்பாலும் தொந்தரவில்லாத வாடகைக்காரர். 2006-ல் பிரான்ஸில் ஒரு குழு, சில ஈ.கோலை வகைகளோடு கொஞ்ச நேரம் சேர்த்துவைத்த மனித செல்கள் ஊதிப்போவதையும் டி.என்.ஏ. அறுந்திருப்பதையும் கண்டது. கிருமியைக் கொன்றுவிட்டுப் போட்டால் ஒன்றும் நடக்கவில்லை. கிருமி வளர்ந்த நீரை வடிகட்டிப் போட்டாலும் ஒன்றும் இல்லை. உயிரோடு இருக்கவேண்டும், செல்லோடு உரசிக்கொண்டு இருக்கவேண்டும். அந்தக் கிருமிகளின் மரபணுத் தொகுப்பில் பி.கே.எஸ். தீவு என்ற ஒரு துண்டு இருந்தது. அதிலிருக்கும் மரபணுக்கள் சேர்ந்து ஒரு வேதிப்பொருளைச் செய்கின்றன என்பதும் தெரிந்தது. அதற்குத்தான் கோலிபாக்டின் என்று பெயர் வைத்தார்கள்.

பெயர் வைத்தாயிற்று, ஆள் கிடைக்கவில்லை. பிரித்தெடுப்பதற்குள் சிதைந்துபோகும் பொருள் அது. எனவே ஆராய்ச்சியாளர்கள் அதை விட்டுவிட்டு அது டி.என்.ஏ.வில் விட்டுப்போன ஒட்டைத் தேடினார்கள். 2019-ல்தான் உருவம் தெளிந்தது: ஒரு மூலக்கூறு, அதன் இரு முனையிலும் இரண்டு கொக்கி, ஒவ்வொன்றும் அடினின் என்ற எழுத்தைப் பிடிக்கும். இரண்டு இழையிலும் ஒவ்வோர் அடினினைப் பிடித்து ஒட்டிவிடும். முதல் கேள்வியில் மூன்றாவதாகச் சொன்ன சேதம் இது.

அடுத்த வருஷம் நெதர்லாந்தில் இன்னொன்று செய்தார்கள். மனிதக் குடல் செல்களிலிருந்து வளர்த்த குட்டிக் குடல் உருண்டைகளுக்குள் இந்த ஈ.கோலையை ஊசியால் ஏற்றி, ஐந்து மாதம் அடிக்கடி புதுப்பித்து வைத்திருந்தார்கள். பிறகு அந்தச் செல்களின் டி.என்.ஏ.வை எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். பிழைகள் கண்டபடி விழவில்லை. குறிப்பிட்ட எழுத்து வரிசைகளில், ஒரே பாணியில் விழுந்திருந்தன. தப்பாக முடிச்சுப் போட்ட கோட்டை வைத்து எந்தத் தறி என்று சொல்வது போல, அந்தப் பாணியை வைத்து "இங்கே கோலிபாக்டின் வந்துபோயிருக்கிறது" என்று சொல்லலாம். நிஜமான பெருங்குடல் புற்றுநோயாளிகளின் கட்டிகளில் தேடினால் ஒரு பகுதியில் அதே பாணி இருந்தது. ஆரோக்கியமானவர்களின் குடலிலும் சிலரிடம் இருந்தது, அதுவும் சின்ன வயதிலேயே பதிந்ததாக.

2025-ல் 11 நாடுகளைச் சேர்ந்த 981 பெருங்குடல் புற்றுநோய்களை ஒப்பிட்ட ஆய்வில், 70 வயதுக்கு மேல் நோய் வந்தவர்களைவிட 40-க்குள் வந்தவர்களிடம் இந்தத் தடம் 3.3 மடங்கு அதிகம் தெரிந்தது. இளவயதுப் புற்றுநோய் ஏன் கூடுகிறது என்ற கேள்விக்கு இது ஒரு துப்பு. துப்பு மட்டும்தான், தீர்ப்பல்ல.

அதுக்கு என்னங்க லாபம், நம்மள எதுக்குக் கெடுக்கோணும்?

கோபியில் ஒரு பெரியவர் கேட்ட கேள்வி. அன்றைக்கு மழுப்பினேன். இன்று சொல்வேன்: கோலிபாக்டின் விஷயத்தில் குறி நாமாக இல்லாமலும் இருக்கலாம். பல பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வுக்குள் வைரஸ்கள் தூங்கிக்கொண்டிருக்கும். டி.என்.ஏ. சேதமானால் அவை விழித்துக்கொண்டு, குடியிருந்த பாக்டீரியாவைப் பிளந்துகொண்டு வெளியே வரும். கோலிபாக்டின் பக்கத்துப் பாக்டீரியாக்களுக்குள் இப்படித் தூங்கும் வைரஸ்களை எழுப்பிவிடுகிறது என்று 2022-ல் காட்டினார்கள். தயாரிக்கும் கிருமியிடம் தன்னைக் காத்துக்கொள்ள மாற்றுமருந்துப் புரதம் இருக்கிறது. பங்காளிச் சண்டையில் வேலி தாண்டி நம் காட்டில் விழுந்த கல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எனக்கு அந்த ஈ.கோலை இருக்கிறதா என்று டெஸ்ட் எடுக்கட்டுமா? மாத்திரை போட்டு அழித்துவிடலாமா?

வேண்டாம், இரண்டும் வேண்டாம். ஆரோக்கியமானவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவரிடம் அந்த வகை இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதில்லை. அதைமட்டும் தேர்ந்து கொல்லும் மாத்திரையும் கிடையாது. ஆன்டிபயாடிக் போட்டால் களையோடு பயிரும் போகும், மிஞ்சிய களை மருந்துக்கு அடங்காததாக இருக்கும்.

அந்தக் கவலையை வேறு பக்கம் திருப்புங்கள். மலத்தில் ரத்தம் வந்தால் நம் ஊரில் "மூலம், உடம்புச் சூடு" என்று வெண்ணெயும் மோரும் குடித்து ஆறு மாதம் ஓட்டிவிடுகிறோம். ரத்தம், பல வாரமாக மாறிய மலப்பழக்கம், காரணம் தெரியாத ரத்தசோகை இதில் எது இருந்தாலும், வயது முப்பதே ஆனாலும், டாக்டரைப் பாருங்கள்.

டைபாய்டு கிருமிக்கும் இதே குணம் உண்டா?

உண்டு, இன்னும் தந்திரமாக. டைபாய்டு உண்டாக்கும் சால்மோனெல்லா டைஃபி, சி.டி.டி.யின் அதே வெட்டுக்கத்தியை வேறு இரண்டு துண்டுகளோடு சேர்த்து வைத்திருக்கிறது. வெளியே இருக்கும்போது இதைச் செய்யாது. மனித செல்லுக்குள் நுழைந்து, தனக்கென ஒரு பையில் குடியேறிய பிறகே தயாரிப்பு தொடங்கும். செய்த நச்சை உள்ளிருந்தபடியே உட்கருவுக்கு அனுப்பவும் முடியாது. சின்னப் பைகளில் கட்டி வெளியே அனுப்பி, அது திரும்ப வாசல் வழியாக அதே செல்லுக்கோ பக்கத்துச் செல்லுக்கோ போய்ச் சேரவேண்டும்.

அந்த வாசலில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செல்களின் மேலிருக்கும் ஒருவகைச் சர்க்கரையை நச்சு பிடித்துக்கொள்கிறது. மனிதர்களிடம் இருப்பதற்கும் சிம்பன்சியிடம் இருப்பதற்கும் அந்தச் சர்க்கரையில் ஒரே ஓர் ஆக்சிஜன் அணு வித்தியாசம். சிம்பன்சியின் சர்க்கரையை இந்த நச்சால் சரியாகப் பிடிக்க முடிவதில்லை.

எலிக்கு இந்த நச்சை மட்டும் ஊசியில் ஏற்றியபோது சோர்வு, வெள்ளணுக் குறைவு என்று டைபாய்டின் பல அறிகுறிகள் வந்தன. "ஆக, காய்ச்சலுக்குக் காரணம் இதுதான்" என்று எல்லோரும் நினைத்தோம், நானும் வகுப்பில் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு ஆக்ஸ்போர்டில் தன்னார்வலர்களுக்கு நச்சு நீக்கிய கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். அவர்களுக்கும் டைபாய்டு வந்தது. 2019-ல் அந்த முடிவு வெளியானதும் என் பாடக்குறிப்பில் இரண்டு பக்கத்தை அடித்துவிட்டு மாற்றி எழுதினேன்.

நீண்டகால விளைவு தனி. டைபாய்டு வந்தவர்களில் நூற்றுக்கு 1 முதல் 5 பேர் வரை, பித்தப்பையில் கிருமியை வருஷக்கணக்கில் சுமக்கிறார்கள். பித்தக்கல் இருந்தால் அதன்மேல் படலமாக ஒட்டி வாழும். இப்படிச் சுமப்பவர்களுக்குப் பித்தப்பைப் புற்றுநோய் ஆபத்து கூடுதல். கங்கைச் சமவெளியில் அந்தப் புற்றுநோய் அதிகம், தென்னிந்தியாவில் குறைவு. டைபாய்டு நமக்கும் புதிதல்ல, எனவே கிருமி ஒன்றே காரணமாக இருக்க முடியாது. தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தால் இந்தக் கிருமி சாகும். ஆறு மாதக் குழந்தையிலிருந்து போடக்கூடிய தடுப்பூசியும் இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2018-ல் பரிந்துரைத்தது.

வைடால் டெஸ்டில் டைபாய்டு என்று வந்தால் என் டி.என்.ஏ. கெட்டுவிட்டது என்று அர்த்தமா?

இல்லை. அது டைபாய்டு என்பதற்கே உறுதியான சாட்சி இல்லை. பழைய காய்ச்சல், பழைய தடுப்பூசி, வேறு கிருமி எதுவும் அதைத் தூக்கிக் காட்டும். எனக்கே ஒருமுறை ஒரு லேபில் 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்து, பத்து நாள் மாத்திரை விழுங்கினேன். காய்ச்சல் டெங்கு. ரத்தத்தில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான் நம்பகம். அதை மாத்திரை போடுவதற்கு முன்னால் எடுக்கவேண்டும்.

நாமக்கல் கோழியில் காம்பைலோபேக்டர் இருக்குமா? பள்ளிபாளையம் சிக்கன் சாப்பிடலாமா?

காம்பைலோபேக்டர் உலகம் பூராவும் கோழிகளின் குடலில் சாதாரணமாக இருப்பது. கோழிக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. நாட்டுக்கோழி என்றாலும் விதிவிலக்கில்லை. பள்ளிபாளையம் சிக்கனைத் தாராளமாகச் சாப்பிடுங்கள், வரமிளகாயோடு அத்தனை நேரம் எண்ணெயில் வதங்கிய கறியில் அந்தக் கிருமி உயிரோடு இருக்காது. ஆபத்து கடாயில் இல்லை, அதற்கு முந்தைய பத்து நிமிடத்தில். பச்சைக் கறியைக் குழாயடியில் பிடித்துக் கழுவும்போது தெறிக்கும் நீர், கறி வெட்டிய அதே பலகையில் நறுக்கிய வெங்காயம், வெள்ளரி. கல்யாண வீட்டுப் பந்தியில் வயிறு கெட்டால் குழம்பைத் திட்டுகிறோம்; பல நேரம் குற்றவாளி தயிர்ப்பச்சடி.

அல்சர் கிருமி?

ஹெலிகோபேக்டர் பைலோரி. 1994-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை முதல் வகைப் புற்றுநோய்க் காரணியாக அறிவித்துவிட்டது. ஆஸ்திரேலிய மருத்துவர் பாரி மார்ஷல் 1984-ல் இந்தக் கிருமியைத் தானே குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டார். 2005-ல் ராபின் வாரனோடு நோபல் பரிசு. ஆனால் இதன் வேலை பெரும்பாலும் சுற்றிவளைத்தது. நேராக வெட்டுவதைவிட, வருஷக்கணக்கில் புண்ணை ஆறவிடாமல் வைத்திருக்கும். அந்தப் புண்ணில் நம் வெள்ளணுக்கள் கக்கும் ஆக்சிஜன் பொருள்களே டி.என்.ஏ.வை அரிக்கும். நல்ல செய்தி, இதற்குச் சிகிச்சை இருக்கிறது. டாக்டர் சொன்ன மாத்திரையை முழுசாக முடிக்கவேண்டும்.

மஞ்சள், தயிர் காப்பாற்றாதுங்களா?

ஈரோட்டில் உட்கார்ந்துகொண்டு மஞ்சளைக் குறை சொன்னால் என்னைச் சந்தைப்பேட்டையில் விடமாட்டார்கள். குழம்புக்கு மஞ்சள் போடுங்கள். ஆனால் மஞ்சளிலுள்ள குர்குமின் என்ற பொருள் குடலில் உறிஞ்சப்படுவது மிகக் குறைவு. ஆய்வகத் தட்டில் செல்லுக்கு நடந்தது மனிதருக்கு நடக்கும் என்று சொல்லி டப்பா விற்பவரை நம்பவேண்டாம். வீட்டுத் தயிர், மோர் நல்லது. இன்னொரு விஷயம்: நிஸ்லே 1917 என்ற ஈ.கோலை, முதல் உலகப் போர்க் காலத்தில் ஒரு சிப்பாயின் குடலிலிருந்து எடுக்கப்பட்டு ஜெர்மனியில் நூறு வருஷமாக 'நல்ல பாக்டீரியா' மருந்தாகக் கொடுக்கப்படுகிறது. அதற்குள்ளும் பி.கே.எஸ். தீவு இருக்கிறது. நல்லது கெட்டது என்று கிருமிக்கு நெற்றியில் எழுதியிருப்பதில்லை.

நொய்யல் சாயக்கழிவும் இதே மாதிரியா?

அது வேறு வழக்கு. அங்கே சந்தேகப்படவேண்டியது வேதிப்பொருள். ஒரே ஓர் இடத்தில் இரண்டும் கைகோர்க்கும்: சிலவகை அசோ சாயங்கள் உடலுக்குள் போனால், குடல் பாக்டீரியாக்கள் அவற்றை உடைத்து, டி.என்.ஏ.வைக் கெடுக்கும் அமின் என்ற வேதிப்பொருள்களாக மாற்றுகின்றன. அதனால்தான் அப்படிப்பட்ட சாயங்களுக்குத் தடை.

அப்பா அம்மா குடலில் ஆன சேதம் பிள்ளைகளுக்குப் போகுமா?

போகாது. கருமுட்டை, விந்தணுவில் நேரும் மாற்றம்தான் பிள்ளைக்குப் போகும்.

இந்த மாதிரி நச்சால் யாருக்காவது ஒரு நன்மை உண்டா?

முதல் மழை விழுந்ததும் நம் மேட்டுக்காட்டில் எழுகிற மண்வாசம் தெரியும்தானே? அதில் பெரும்பங்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியாக்கள் செய்யும் ஜியோஸ்மின். அதே குடும்பத்து பாக்டீரியாக்கள் டி.என்.ஏ.வைத் தாக்கும் பொருள்களையும் செய்கின்றன. பிளியோமைசின் இழைகளை அறுக்கும். மைட்டோமைசின், கோலிபாக்டினைப் போலவே, இரண்டு இழையையும் ஒட்டும். டாக்ஸோரூபிசின், இழைகளுக்கு நடுவில் செருகிக்கொண்டு, முறுக்கு நீக்கும் நொதியை வெட்டிய நிலையிலேயே பூட்டிவிடும். மூன்றும் இன்று புற்றுநோய் மருந்து. ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கும், நிறுத்தி ஒட்டத் தெரியாத செல்கள் இவற்றுக்கு முதலில் சாகின்றன. முடி கொட்டுவதும் அதே காரணத்தால்தான், முடிவேர்ச் செல்களும் ஓயாமல் பிரிபவை.

டாக்ஸோரூபிசின் நிறம் சிவப்பு. என் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்கு அதை ஏற்றினார்கள். மூன்றாவது முறை ஏற்றும்போது பக்கத்தில் உட்கார்ந்து, குழாயில் இறங்கும் சிவப்பைக் காட்டி, இத்தாலியில் ஒரு பழைய கோட்டைக்குப் பக்கத்து மண்ணில் எடுத்த கிருமியிலிருந்து வந்தது இது, நம் மண்வாசத்துக்கு ஒன்றுவிட்ட சொந்தம் என்று கதை சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சொன்னார்: "ஏங்கண்ணு, மண்ணுல கெடக்கறதுக்கா இத்தனை காசு வாங்கறாங்க? நம்ம காட்டுல ஒரு சட்டி அள்ளிக் கொடுத்திருக்கலாமாட்ட."